கௌரவச் செயலாளர்

2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையின் கடைசி நாளன்று எங்கள் பங்கின் மேனிலைப் பள்ளி வளாகத்தில் ஒரு பாராட்டு விழா நடைபெற்றது. பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திற்கு 1989 முதல் 35 ஆண்டுகள் செயலாளராக இருந்து தொண்டாற்றிய பெரியவர் ஒருவருக்காக எடுக்கப்பட்ட விழா அது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதுவதை அவர் விரும்பமாட்டார். கோவில்பட்டியை அடுத்த கரிசல் காட்டு ஊர்களில் இவ்விதழைப் படிக்கும் அன்பர்கள் சிலர் ஆளை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். கண்டுகொண்டால் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்படி வேண்டுகின்றேன்.

அன்று மேடையில் பேசியவர்கள் பதினொருவர். பள்ளியின் தாளாளர் என்ற முறையில் நானும் அவர்களுள் ஒருவன். பெரியவரை ஒருவர் இமயம் என்றார். மற்றொருவர் ஆலமரம் என்றார். மூன்றாமவர் தம்மையே உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தி என்றார். ‘வாழும் வள்ளல்’ என்று பொறித்த கேடயம் ஒன்று வழங்கப்பட்டது. பொன்னாடைகள் அவர் தோள்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே இருந்தன. தோள் நிறைந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்ற பேரன் அவற்றை எடுத்து, மடித்து, நாற்காலிக்கு அடியில் வைத்தான். பெரியவர் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். வள்ளல் என்ற சொல் ஒலித்தபோது மட்டும் நிமிர்ந்து என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் காரணம் அம்மேடையில் எனக்கு மட்டுமே தெரியும். அதைப் பின்னர் சொல்கின்றேன்.

விழா முடிந்த நாள்முதல் ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கின்றது. கைம்மாறு கருதாமல் உழைத்த ஒருவருக்கு நாம் செலுத்தவேண்டியது என்ன? பாராட்டு என்று உடனே விடை வருகின்றது. அவ்வாறாயின், பாராட்டு எப்படி அமைந்தால் அது அவருக்குரிய கடனைச் செலுத்தியதாகும்? எப்படி அமைந்தால் செலுத்தாமலே கணக்கை முடித்துவிட்டதாகும்?

சங்கத்தின் கடிதத் தாளில் அவர் கையொப்பமிடும் இடத்துக்குக் கீழே ‘கௌரவச் செயலாளர்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அலுவலக வழக்கில் கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள். கௌரவச் செயலாளர், கௌரவப் பொருளாளர், கௌரவ ஆலோசகர் என யாரைக் குறித்தாலும் அச்சொல் சட்டைப்பையைப் பற்றியே பேசுகின்றது. (அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் எனப்படுவோர் மட்டும் ஒரு சிறு தொகை பெறுகின்றனர். அவர்களைக் கேட்டால், தொகையும் போதவில்லை, கௌரவத்தையும் காணோம் என்பார்கள்.) பண்டைய உரோமையில் வழக்காடுவோர் தம் உழைப்புக்குக் கூலியோ அன்பளிப்போ பெறலாகாது என்று கி.மு. 204இல் ஒரு சட்டம் வந்தது. விலை பேசக்கூடாத பணிக்கு நன்றியாகக் கொடுக்கும் தொகைக்கு ‘ஹொனோராரியும்’ என்ற பெயர் பின்னர் வழங்கலாயிற்று. கௌரவத்துக்கும் கூலிக்கும் இடையே உள்ள இந்தப் பழைய உறவைச் சொல்லே காட்டிக்கொடுக்கின்றது. கூலி இல்லாத இடத்தில் கௌரவமே கூலி என்பது அதன் உட்கிடை.

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் இதை வெளிப்படையாகவே கூறுகின்றார். பொதுநலத்துக்காக உழைத்து, பொதுப்பொருளில் தனக்கென எதையும் எடுத்துக்கொள்ளாதவனுக்கு ஏதேனும் ஒன்று தரப்படவேண்டும். அது பெருமை என்கின்றார். ஆயினும் அதே நூலின் தொடக்கத்தில் அவருக்கே ஓர் ஐயம் எழுகின்றது. பெருமை என்பது பெறுபவனைவிடக் கொடுப்பவர்களையே பெரிதும் சார்ந்திருப்பதால் அது மனிதனின் உயர்ந்த நன்மையாக இருக்க முடியாது என்கின்றார். இந்த இரண்டு கருத்துகளையும் புனித தாமஸ் அக்குவினாஸ் எடுத்துக்கொண்டு நுட்பமாகப் பிரித்துக் காட்டுகின்றார். நற்செயல் புரிபவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெருமை அவனுடைய பரிசு அன்று. அவன் அதைத் தேடி உழைக்கவில்லை, தேடவும் கூடாது. மற்றவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பரிசுதான். ஏனெனில் அவனுக்குக் கொடுக்க அவர்களிடம் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இல்லை. குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது தேர்வுக்கு உரிய பகுதி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது படிக்கும்போது அதிலுள்ள ஏழ்மை தெரிகின்றது. நம்மிடம் இருப்பது அவ்வளவுதான் என்கின்றார் அப்பெரியார்.

இங்கே மலைப்பொழிவை நினைக்கும் வாசகர்கள் இருப்பார்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்ற கருத்து அங்கே உள்ளது. அதற்குச் சற்று முன்னரே, விளக்கை மரக்காலுக்குள் மூடி வைக்கவேண்டாம் என்ற கருத்தும் உள்ளது. இரண்டும் ஒரே பொழிவில் வருகின்றன. முரண்போலத் தோன்றும் இவற்றை இணைக்க உரையாசிரியர்கள் பல வழிகளைச் சொல்லியிருக்கின்றனர். எனக்குத் தோன்றும் எளிய வழி ஒன்று உண்டு. மறைக்கும் கடமை செய்தவனைச் சேர்ந்தது. அறியும் கடமை பெற்றவர்களைச் சேர்ந்தது. அவர் மறைத்துவிட்டார் என்பது நாம் அறியாமல் இருப்பதற்குச் சாக்காகாது. அவர் மறைப்பதில் வல்லவராயின், நாம் இன்னும் சற்று முயன்று தேட வேண்டியவர்களாகின்றோம்.

அறிதல் என்ற சொல்லை வேண்டுமென்றே சொன்னேன். இன்று மேடைதோறும் ‘நன்றி’ என்று சொல்லி அமர்கின்றோம். பழந்தமிழில் நன்றி என்பது வாயால் சொல்லும் சொல் அன்று. ஒருவர் செய்த நன்மையே நன்றி. வள்ளுவர் அதிகாரத்துக்கு இட்ட பெயர் செய்ந்நன்றி அறிதல். செய்யப்பட்ட நன்மையை அறிவது என்பது அதன் நேர்ப்பொருள். கூறுதல், பாராட்டுதல், திருப்பிச் செலுத்துதல் ஆகியவை எல்லாம் அறிதலுக்குப் பின்னரே வரக்கூடியவை. அக்குவினாசும் நன்றியுணர்வுக்கு மூன்று படிகளைக் கூறுகின்றார். பெற்ற நன்மையை உணர்ந்தறிவது முதற்படி. அதைப் புகழ்ந்து நன்றி கூறுவது இரண்டாம் படி. தக்க இடத்தில் தக்க காலத்தில் தன் ஆற்றலுக்கேற்பக் கைம்மாறு செய்வது மூன்றாம் படி. எங்கள் விழாவில் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் ஒலிபெருக்கியோடும் அறுசுவை உண்டியோடும் நிறைவேறின. முதற்படியில் யாரும் கால் வைத்ததாகத் தெரியவில்லை. இமயம் என்றவரிடம், இவர் என்ன செய்தார் என்று தனியே கேட்டிருந்தால், சங்கத்துக்காக நிறையப் பாடுபட்டார் என்பதற்கு மேல் சொல்லியிருக்க மாட்டார். அறியாத இடத்தை நிரப்பவே இமயமும் ஆலமரமும் தேவைப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுகின்றது.

நானும் அவரைவிட மேலானவன் அல்லேன். இப்பங்கிற்கு நான் வந்தது 2021இல். மூன்று ஆண்டுகளாகப் பெரியவரை ஞாயிறுதோறும் பார்க்கின்றேன். சங்கக் கூட்டங்களில் அருகே அமர்ந்திருக்கின்றேன். வாழ்த்துரைக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தபோது தாளில் எழுத இரண்டு வரிகூட இல்லை. வெட்கமாயிருந்தது. விழாவுக்கு ஐந்து நாள் முன்னதாக மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து 2006இல் ஓய்வு பெற்றவர். சங்கத்தின் வரலாறு அவர் வீட்டு மர அலமாரியில் ஏழு பேரேடுகளாக இருந்தது. முதல் மூன்றும் முகவரிகள். 1989இல் அவர் பொறுப்பேற்றபோது சங்கம் என்பது பெயரளவில் இருந்தது; ஆண்டுக்கொருமுறை பதினைந்து இருபது பேர் கூடித் தேநீர் அருந்திக் கலைவார்கள். அவர் முதலில் செய்தது, பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளிலிருந்து பெயர்களை எடுத்தெழுதியது. பின்னர் ஊர் ஊராகச் சென்று, இன்னார் மகன் இப்போது எங்கே என்று வீட்டுத் திண்ணைகளில் கேட்டு முகவரி சேர்த்தது. அக்காலத்தில் அஞ்சல் அட்டை 15 காசு. ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே எழுதினார். அச்சடித்து அனுப்பினால் செலவு குறையுமே என்று நான் கேட்டபோது, “அச்சடிச்ச கார்டை யாரும் வாசிக்க மாட்டாங்க, சாமி. கையெழுத்துன்னா யாருன்னு பார்ப்பாங்க” என்றார்.

பேரேட்டில் ஒரு பெயருக்கு எதிரே ஐந்து ஆறு முகவரிகள்கூட இருந்தன. ஒன்று அடிக்கப்பட்டு அதன்கீழ் அடுத்தது. பம்பாய் தாராவி, பிறகு சூரத்து, பிறகு மீண்டும் ஊர். இராணுவத்தில் இருந்தவர்களுக்குப் படைப்பிரிவின் அஞ்சல் எண். லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு முதலாளியின் பெயர். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பலருக்குத் தங்கள் ஊரின் எண்ணே தெரியாது. அதை இவரே நிரப்பியிருந்தார். திரும்பி வந்த அட்டைகளை எறியாமல் நூலால் கட்டி வைத்திருந்தார். “முகவரி தவறுன்னு தெரியுறதும் ஒரு தகவல்தானே” என்றார்.

நான்காவது பேரேடு கூட்டக் குறிப்புகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் அளிக்கவேண்டும். இதைப் புறக்கணித்து வழக்கொழிந்த சங்கங்கள் நம் மறைமாவட்டத்திலேயே எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். இவர் 35 ஆண்டுகளும் தவறவிடவில்லை. அதற்காகப் பேருந்தில் சென்று அலுவலக வராந்தாவில் காத்திருந்த நாள்களுக்கு எந்தப் பேரேட்டிலும் பதிவில்லை.

மற்ற மூன்றும் கணக்குகள். வங்கி வைப்பின் வட்டியிலிருந்தும் உறுப்பினர்கள் அனுப்பிய பணவிடைகளிலிருந்தும் ஆண்டுதோறும் சில மாணவர்களுக்கு விடுதி உணவுக் கட்டணம் செலுத்தப்பட்டது. எங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளியாதலால் கல்விக் கட்டணம் சுமையில்லை. சுற்று வட்டார மானாவாரிக் குடும்பங்களை அழுத்தியது போர்டிங் கட்டணமே. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தப் பக்கங்கள் நீளமாக இருந்தன. பெயர்களை நான் படிக்கவில்லை. படிக்கத் தொடங்கியபோது அவர் மெல்லப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

இதுவரை நான் கண்டது எதுவும் இமயம் அன்று. முழுவதும் சிறிய வேலை. மாலை ஆறு மணிக்கு மேல், அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு, நாற்பது வாட் விளக்கின் கீழே செய்யப்பட்டது. பவுல் அடிகள் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரம் நினைவுக்கு வந்தது. திருவழிபாட்டில் நாம் அதிகம் வாசிக்காத பகுதி; வெறும் பெயர்ப்பட்டியல் என்று கடந்துவிடுவோம். அதில் பெபா பலருக்கும் தமக்கும் ஆதரவாக இருந்தவர் என்கின்றார். பிரிஸ்காவும் அக்கிலாவும் தம் உயிரைக் காக்கக் கழுத்தைக் கொடுக்கத் துணிந்தவர்கள் என்கின்றார். ரூஃபுவின் அன்னை தமக்கும் அன்னையாக இருந்தார் என்கின்றார். ஒவ்வொருவருக்கும் அரை வரி; அந்த அரை வரியில் அவர் செய்தது மட்டும். உவமை இல்லை, பட்டம் இல்லை. திருமுகத்தைக் கையால் எழுதிக்கொடுத்த தெர்த்தியுவும் இடையில் புகுந்து தம் வாழ்த்தைச் சேர்த்துவிடுகின்றார். எல்லாச் செயலாளர்களின் சார்பாகவும் அவர் தலையைக் காட்டிச் செல்வதாக எனக்கு ஒரு மகிழ்ச்சி.

குறிப்புகள் போதும் என்று எழுந்தேன். பெரியவர் உட்காரச் சொன்னார். ஏழாவது பேரேட்டை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, பின்னட்டையிலிருந்து திறந்தார். அங்கேயும் பெயர்கள், 40க்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர், வகுப்பு, ஆண்டு. தொகை மட்டும் இல்லை.

“இவங்களுக்கெல்லாம் இல்லைன்னு சொன்னோம், சாமி” என்றார்.

மூன்றாவதாக இருந்த பெயரில் விரலை வைத்தார். 1993, ஒன்பதாம் வகுப்பு. அவ்வாண்டு பள்ளியின் பொன்விழா. நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டுவதென்று சங்கம் தீர்மானித்தது. நிதி முழுவதும் அதற்குப் போயிற்று. ஜூன் மாதம் அந்தச் சிறுவனின் தாய் வந்து திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். மூன்று மாத உணவுக் கட்டணம் 360 ரூபாய். சங்கக் கணக்கில் அன்று இருந்தது 40 ரூபாய்க்கும் குறைவு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் அவன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிவிட்டான். விடியுமுன் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றிப்போகும் அந்த வண்டிகளை எங்கள் பகுதியில் நடுவயது கடந்தவர்கள் யாவரும் அறிவர். பதினான்கு வயது நிறையாதவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்தக்கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அவனுக்குப் பதினான்கு முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

“கொடுத்தது சங்கத்துப் பணம், சாமி. என் பணம் அதுல ரொம்பக் கொஞ்சம். இல்லைன்னு சொன்ன வாய் என் வாய்தான்” என்றார். சற்று நேரம் கழித்து, “கைக்காசு போட்டிருக்கலாம். ஏன் போடலைன்னு யோசிச்சுப் பார்க்கிறேன். அந்த மாசம் வீட்டுல என்ன செலவு இருந்துச்சுன்னு ஞாபகத்துக்கு வரல. அதுதான் உறுத்துது” என்றார். வளைவின் கருங்கல் பலகையில் பொன்விழாக் குழுவினரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மூன்றாவது பெயர் அவருடையது. நாள்தோறும் திருப்பலிக்கு அதன் வழியாகத்தான் வருகின்றார்.

“நீங்க பேசுறப்ப இதையும் சொல்லணும், சாமி.”

“பாராட்டு விழாவில எப்படிங்க ஐயா?”

“அப்படின்னா வள்ளல்னு யாரும் சொல்லாமலாவது பார்த்துக்கிடுங்க.”

பார்த்துக்கொள்கின்றேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் விழாக் குழுவினரிடம் கேட்டால், கேடயம் எழுத்துப் பொறிக்கப்பட்டு மதுரையிலிருந்து வந்துவிட்டது என்றார்கள். மாற்றச் சொல்லியிருக்கலாம், நான்கு நாள் இருந்தது. சொல்லவில்லை. அவர் மேடையில் என்னைத் திரும்பிப் பார்த்ததன் காரணம் இதுவே.

ஒருவரைச் சிறப்பிக்கும் அவையில் அவருடைய தவற்றைக் கூறுவது முறையா? முறையன்று என்பதே நம் மரபு. இறந்தோர்க்கான மறையுரைகளில் நாங்கள் குருக்களே இதற்கு வழிகாட்டிகள். பெட்டிக்குள் இருப்பவரைப் பற்றி நாங்கள் கூறுவதைக் கேட்டு, வேறு யாரையோ அடக்கம் செய்கின்றார்களோ என்று குடும்பத்தார் எட்டிப் பார்த்த கதைகளும் உண்டு. ஆனால் திருச்சபை புனிதர்களைச் சிறப்பிப்பதில் மட்டும் வேறு முறையைக் கையாண்டு வந்திருக்கின்றது. 1587இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்திலிருந்து, புனிதர் நிலைக்கு முன்மொழியப்படுபவருக்கு எதிரான வாதங்களைத் தேடி எடுத்து வைப்பதற்கென்றே ஓர் அலுவலர் இருந்தார். மக்கள் அவரைச் சாத்தானின் வழக்கறிஞர் என்றனர். 1983இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்த முறையைப் பெரிதும் மாற்றியமைத்தார். ஆயினும் ஒருவரை உயர்த்துமுன் அவரை முழுவதும் அறியவேண்டும் என்ற நோக்கம் மாறவில்லை.

பெரியவரை முழுவதும் அறிந்தவன் அவரைக் குறைத்து மதிப்பிடுவானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். எனக்கு நேர்ந்தது வேறு. கொடுத்த பட்டியலைப் பார்த்தபோது ஒரு நல்ல நிர்வாகியைக் கண்டேன். கொடுக்க முடியாத பட்டியலைப் பார்த்தபோதுதான் 35 ஆண்டுகள் அவரைச் செலுத்தியது எது என்று விளங்கியது. 1993க்குப் பின் சங்க நிதியிலிருந்து கட்டடத்துக்கு ஒரு ரூபாயும் எடுக்கப்படவில்லை. கட்டடத்துக்குத் தனியே வசூல். மாணவர் நிதியில் கை வைப்பதில்லை. இது தீர்மானமாகவும் பதிவாகியுள்ளது, முன்மொழிந்தவர் அவர். வள்ளல் என்ற சொல் இதையெல்லாம் மூடிவிடுகின்றது. கொடுக்காமல் விட்டதை நினைத்து உறங்காத ஒருவருக்கு, கொடுத்ததற்காக ஒரு பட்டம் சூட்டுவது, புண்ணின்மேல் பொன்னாடை போர்த்துவது போன்றது.

இருப்பினும் நான் மேடையில் அச்சிறுவனைப் பற்றிப் பேசவில்லை. அவன் இன்று எங்கோ 45 வயது மனிதன். அவனுடைய வறுமையை எடுத்துக்காட்டாக்க அவனிடம் அனுமதி பெறவில்லை. இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். பிழையான காரணமும் அன்று. இங்கே எழுதும்போதும் பெயரும் ஊரும் இல்லாமல், பெரியவரின் இசைவோடுதான் எழுதுகின்றேன். ஆனால் அன்று வாய் மூடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் எழுதாவிட்டால் இக்கட்டுரையும் ஒரு பொன்னாடையாகிவிடும்.

விழாவின் உள்நோக்கம் எனக்குத் தெரியும். சங்கத்தின் இளையவர்கள் நிர்வாகத்தை மாற்ற விரும்பினர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாட்சாப்பில் ஒரு நொடியில் நானூறு பேருக்குச் செய்தி போகின்ற காலத்தில் அஞ்சல் அட்டை எழுதிக்கொண்டிருக்க முடியாது. தமிழக அரசே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களை இணையத்தின் வழியாகப் பணம் அனுப்ப அழைத்திருக்கின்றது. 1950களின் இறுதியில் காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சும் கடிகாரமும் கரும்பலகையுமாக மக்கள் கொண்டுவந்து கொடுத்தனர். காலத்துக்கேற்ப வழி மாறத்தான் வேண்டும். பெரியவர் அடுத்தவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார் என்பதும் உண்மை. தொண்டில் நெடுங்காலம் நிலைப்பவர்களுக்கு நேரும் குறை இது, குருக்களும் விலக்கல்லர். விலகுங்கள் என்று நேரே சொல்ல யாருக்கும் நாவெழவில்லை. ஆகவே விழா எடுக்கலாம் என்று முடிவாயிற்று. அந்த ஆலோசனைக் கூட்டம் நடந்தது என் அறையில். நான் தலையசைத்தேன்.

நன்றியின் உடையை உடுத்தி வரும் நன்றிகேடு இது என்று இப்போது நினைக்கின்றேன். அவரிடம் நேரே பேசியிருந்தால் ஒரு நாள் வருந்தியிருப்பார், நம்மோடு இருந்திருப்பார். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் கழுத்திலிருந்த ஆளுயர மாலையைக் கழற்ற நான் உதவினேன். “கனமாத்தான் இருந்துச்சு, சாமி. இறக்கி வைக்கத்தானே போட்டாங்க” என்றார். முகத்தில் சினம் இல்லை.

மேடையில் நான் பேசியது ஏழு நிமிடம். அஞ்சல் அட்டைகளைப் பற்றியும், திரும்பி வந்த அட்டைகளைக் கட்டி வைத்திருப்பதைப் பற்றியும், பதிவாளர் அலுவலக வராந்தாவைப் பற்றியும், கட்டடத்துக்கு நிதியைத் தொடாத தீர்மானத்தைப் பற்றியும் சொன்னேன். எனக்கு முன் பேசியவர்களுக்குக் கிடைத்த கைதட்டல் எனக்குக் கிடைக்கவில்லை. கூட்டத்தில் சிலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். உணவு வேளையில் நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இலையை விட்டு எழுந்து என்னிடம் வந்தார். “எனக்கு ஒன்பது கார்டு வந்துச்சு, சாமி. ஒண்ணுக்கும் பதில் போடல. இன்னிக்குத்தான் மொத தடவை வந்திருக்கேன்” என்றார். அவரைப் பெரியவரிடம் அழைத்துச் சென்றேன். பெயரைச் சொன்னதும் பெரியவர், “பரமத்தி ரோடுதானே? கதவு எண் மாறியிருக்குமே இப்போ” என்று கேட்டார். வந்தவரால் சற்று நேரம் பேச முடியவில்லை.

முன்னாள் மாணவர்களைக் குறிக்க இலத்தீனில் வழங்கும் ‘அலும்னுஸ்’ என்ற சொல்லுக்கு, ஊட்டி வளர்க்கப்பட்டவன் என்பது வேர்ப்பொருள். அதில் முன்னாள் என்ற கருத்தே கிடையாது. படித்து முடித்தவன் முன்னாள் மாணவனாகலாம். ஊட்டப்பட்டவன் என்றைக்கும் ஊட்டப்பட்டவன்தான். அப்படியானால் பந்தியில் இடமில்லாமல் எழுப்பப்பட்ட அந்த 40 பேரும் யார் என்ற கேள்வி எழுகின்றது. அவர்கள் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் உண்டு. சங்கத்தின் முகவரிப் பேரேட்டில் பலருக்கு இல்லை. 1993ஆம் ஆண்டுச் சிறுவனின் ஊருக்கு இரண்டு முறை போய்வந்தேன். தாய் காலமாகிவிட்டார். மகன் திருப்பூர்ப் பக்கம் போனதாக ஒரு வீட்டில் சொன்னார்கள். கேரளத்துக்குப் போனதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள். பெரியவரிடம் இதைத் தெரிவித்தபோது இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

ஏழு பேரேடுகளும் இப்போது பள்ளி அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் உள்ளன. புதிய செயலாளர் அவற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கின்றார், பொறுப்பான இளைஞர். சென்ற வாரம் ஏழாவது பேரேட்டின் முன்பக்கத்தை முடித்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

“பின்பக்கம் ஒரு லிஸ்ட் இருக்கு, ஃபாதர். அதையும் ஏத்தணுமா?”

“ஏத்துங்க.”

“என்ன தலைப்புல?”

பெரியவர் அங்கே தலைப்பு எதுவும் எழுதியிருக்கவில்லை. அவரிடமே கேட்போம் என்று இருவரும் புறப்பட்டோம்.